240 பேர் இருக்கும் குழுவில் 9 பேர்தான் ஏன் வருகிறார்கள்?

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் இருக்கிறது. இளைஞர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் 240 பேர் இருக்கிறோம். குளத்தில் படர்ந்த ஆகாயத்தாமரையை அள்ள வாருங்கள் என்று அழைத்தால் 9 பேர்தான் வருகிறார்கள். ஆட்டக் கோட்பாட்டின்படி (game theory) சுயநலம்தான் வெல்லும் என்று படித்தேன். அப்படியென்றால் கடற்கரையில் முப்பது நாற்பது பேர் சேர்ந்து கரமடி (கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை) இழுப்பது எப்படி நடக்கிறது? யாருக்கு யாரோடு தொடர்பு என்பதற்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?

பதில்: உண்டு. உங்கள் குழுவின் கோளாறே அந்த 240-இல்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மீதி 231 பேரும் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது ஆண்டு கணிதம் நடத்திய எனக்குக் கணக்கு இல்லாமல் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் குளத்தில் இறங்கினால் ஒருவருக்கு 500 ரூபாய் கூலி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நாள் உழைப்பால் ஊருக்கு 1,500 ரூபாய் மதிப்புள்ள நன்மை. மூன்று மடங்கு, நல்ல வரவுதான். ஆனால் அந்த 1,500 பொதுவில் போய்ச் சேருகிறது. 240 பேருக்கும் பங்கிட்டால் இறங்கியவர் கைக்குத் திரும்பி வருவது 6 ரூபாய் 25 காசு. கரையில் நின்று வேடிக்கை பார்த்தவருக்கும் அதே 6 ரூபாய் 25 காசு. எல்லோரும் இறங்கினால் ஆளுக்கு 1,500 ரூபாய்ப் பலன், 500 ரூபாய்ச் செலவு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், தனித்தனியாகக் கணக்குப் போட்டால் வீட்டில் படுத்துக்கொள்வதே லாபமாகத் தெரிகிறது.

இதை இரண்டு பேருக்குச் சுருக்கினால் கிடைப்பதுதான் 'கைதியின் இக்கட்டு'. 1950-இல் அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் ஆகிய இருவர் இந்த ஆட்டத்தை அமைத்தார்கள். ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர் அதற்குக் கைதிகள் கதையைக் கட்டினார். கதை இருக்கட்டும், மதிப்பெண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3. இருவரும் கைவிரித்தால் ஆளுக்கு 1. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால் ஏமாற்றியவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. எதிராளி என்ன செய்தாலும் ஏமாற்றுகிறவருக்கே மதிப்பெண் கூடுகிறது: அவர் ஒத்துழைத்தால் 3-க்குப் பதில் 5, அவர் ஏமாற்றினால் 0-க்குப் பதில் 1. நீங்கள் படித்தது இதைத்தான். முடிவு சரி. ஆனால் அது ஒரே ஒரு முறை சந்தித்து, பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப்போகாத இருவருக்கான முடிவு.

சூரிய உதயம் பார்க்கக் கன்னியாகுமரிக்கு வந்து, மத்தியானம் ரயிலேறிப் போகிறவரிடம் சிப்பி மாலைக்கு மூன்று மடங்கு விலை சொல்லும் கடைக்காரர் உண்டு. பேரம் படியாவிட்டால் அவருக்கு நட்டமில்லை, அடுத்த பஸ் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் தெருவுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டு வரும் அக்கா ஒரே ஒரு நாள் நேற்றைய சாளையை இன்றைய சாளை என்று விற்றால், மறுநாள் நான்கு வீட்டில் கதவு திறக்காது. கடைக்காரரைவிட அக்கா உத்தமி என்று நான் சொல்லவில்லை. நாளைக்கும் அதே வாசலுக்கு வர வேண்டியவர் அவர், அவ்வளவுதான்.

இந்த 'நாளைக்கும்' என்பதன் வலிமையை 1980 வாக்கில் கணினியில் சோதித்துப் பார்த்தவர் ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர். கைதியின் இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் நிரல்களை அனுப்புமாறு அறிஞர்களைக் கேட்டார். 14 நிரல்கள் வந்தன. வென்றது அவற்றுள் மிகச் சிறியது, அனடோல் ராப்போபோர்ட் அனுப்பியது. முதலில் ஒத்துழை, அதன்பின் எதிராளி கடைசியாக என்ன செய்தாரோ அதையே திருப்பிச் செய். 'பதிலுக்குப் பதில்' என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முடிவை ஊரறிய அறிவித்துவிட்டு இரண்டாவது போட்டி வைத்தார். 62 நிரல்கள் வந்தன. மறுபடியும் அதுவே வென்றது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இந்த உத்தி தனித்தனி ஆட்டம் எதிலும் எதிராளியைவிட அதிக மதிப்பெண் எடுக்கவே முடியாது. சமமாக முடிக்கலாம் அல்லது கொஞ்சம் குறைவாக. யாரையும் தோற்கடிக்காமலேயே மொத்தத்தில் முதலிடம். வகுப்பில் இதைச் சொன்னால் முதல் வரிசைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

மேலே சொன்ன 5, 3, 1, 0 மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால்தான் 'பதிலுக்குப் பதில்' நிலைத்து நிற்கும். அதற்குக் குறைந்தால் ஏமாற்றிவிட்டு ஓடுவதே லாபம். இதற்கு ஒரு பலவீனமும் உண்டு: தவறுதலைத் தாங்காது. கல்யாண வீட்டு மொய்யை நினைத்துப் பாருங்கள் (எங்கள் பக்கம் சுருள் என்போரும் உண்டு). நோட்டில் 1,000 என்பதை யாரோ 100 என்று எழுதிவிட்டால் அடுத்த கல்யாணத்தில் 100 திரும்பி வரும். அதற்கு இவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். பிள்ளைகள் காலம் வரை இழுத்துக்கொண்டு போகும். மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் காட்டியது இதற்கான மருந்து: எப்போதாவது மன்னித்துவிட வேண்டும். எத்தனை முறை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இதே மதிப்பெண்களுக்கு, ஏமாற்றப்பட்ட மூன்று முறையில் சராசரியாக ஒரு முறை.

இதுவரை இருவர் கதை. உங்கள் கேள்வி வலைப்பின்னலைப் பற்றியது, அதாவது யாருக்கு யாரோடு தொடர்பு என்பதைப் பற்றியது. அங்கே வருவோம்.

1992-இல் நோவாக்கும் ராபர்ட் மேயும் சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் ஆட்களை நிறுத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆள். அவர் சுற்றியுள்ள 8 பேரோடும் (கணக்குக்காகத் தன்னோடும்) ஆடுவார், வேறு யாரோடும் இல்லை. பிறகு தன்னையும் அந்த 8 பேரையும் பார்த்து, யார் அதிகம் சேர்த்தாரோ அவர் வழியைப் பிடித்துக்கொள்வார். இந்த ஆட்களுக்கு நினைவாற்றல் கிடையாது, பழி வாங்கத் தெரியாது, மன்னிக்கவும் தெரியாது. 'பதிலுக்குப் பதில்' அளவு புத்திகூட இல்லை. அப்படியும் ஒத்துழைப்பவர்கள் அழியவில்லை. கூட்டமாகத் திரண்டவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிப் பிழைத்தார்கள். விளிம்பில் இருந்தவர்கள் மட்டும் அடிபட்டார்கள். ஏமாற்றும் ஆசையின் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தபோது, எங்கிருந்து தொடங்கினாலும் ஒத்துழைப்பவர்கள் ஏறக்குறைய 32 சதவீதத்தில் வந்து நின்றார்கள். ஆனால் யார் எங்கே என்பது கணந்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஒத்துழைக்கும் பலகையின் நடுவில் ஒரே ஓர் ஏமாற்றுக்காரரை வைத்தால் நான்கு பக்கமும் ஒரே சீராக விரியும் வண்ணக் கோலங்கள் வரும். அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஓணத்துக்கு முற்றத்தில் இடும் அத்தப்பூதான் ஞாபகம் வந்தது. தோவாளைப் பூவில் இப்படி ஒன்றை யாராவது இட்டுப் பார்க்க வேண்டும்.

சதுரக் கட்டம் ஊர் ஆகாது. ஊரில் ஒருவருக்கு மூன்று தொடர்பு, இன்னொருவருக்கு முப்பது. 2006-இல் ஓட்சுகி, ஹவர்ட், லீபர்மன், நோவாக் ஆகிய நால்வர் வலைப்பின்னல்களுக்கென்று ஒரு விதியைக் கண்டார்கள். உதவியால் பெறுகிறவருக்குக் கிடைக்கும் பயனை, உதவுகிறவரின் செலவால் வகுங்கள். அந்த ஈவு, ஒருவருக்குச் சராசரியாக உள்ள தொடர்புகளின் எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால் ஒத்துழைப்பு பிழைக்கும். அவ்வளவுதான் விதி. நூறு ரூபாய்ச் செலவில் செய்யும் உதவி மற்றவருக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பயன்பட்டால் ஈவு 5. ஆளுக்கு மூன்று நான்கு நெருங்கிய தொடர்பு உள்ள இடத்தில் ஒத்துழைப்பு நிற்கும். ஆறு ஏழு தொடர்பு ஆனால் சாயும்.

தொடர்பு கூடக் கூட ஒற்றுமை கூடும் என்றல்லவா நாம் நினைக்கிறோம்? இது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒருவர் தன் பழைய வழியை விடுகிறார். இனி எந்த வழியில் போவது என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்க்கிறார். செழிப்பாக இருப்பவரின் வழி தொற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அங்கே ஒத்துழைப்பவர் ஒருவரும் ஏமாற்றுக்காரர் ஒருவரும் இருக்கிறார்கள். ஒத்துழைப்பவர் தன் தொடர்புகள் அத்தனைக்கும் செலவு செய்கிறார்: ஐந்து தொடர்பு என்றால் ஐந்து செலவு. அவருக்குக் கூடுதல் வரவு எங்கிருந்து? வழி பக்கத்திலிருந்து பக்கத்துக்கே பரவுவதால் ஒத்துழைப்பவர்கள் அருகருகே திரள்கிறார்கள். எனவே ஏமாற்றுக்காரரைவிட ஒத்துழைப்பவருக்கு ஒத்துழைக்கும் அண்டைவீட்டார் அதிகம் இருப்பார். எத்தனை பேர் அதிகம்? கணக்கைப் போட்டால் சராசரியாக ஒரே ஒருவர். தொடர்பு மூன்றானாலும் முப்பதானாலும் அந்தக் கூடுதல் ஒன்றுதான். வரவு ஓர் உதவி, செலவு தொடர்புக்கு ஒன்று. அதனால்தான் தொடர்பு பெருகினால் கணக்கு உதைக்கிறது.

எல்லோரும் எல்லோரோடும் இணைந்திருக்கும் கூட்டத்தில் இந்தத் திரட்சியே ஏற்படாது; பக்கம் என்று ஒன்று இல்லை, எல்லாம் பக்கம். அங்கே ஒத்துழைப்புக்கு விதி எந்த வாய்ப்பும் தரவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழு அப்படிப்பட்ட ஒன்று.

விதிக்கு வரம்புகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இதை எல்லா இடத்துக்கும் பொருத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஊர் பெரியதாக இருக்க வேண்டும். ஆட்டத்தின் லாப நட்டம் ஒருவரின் வாழ்வில் சிறு பகுதியாக இருக்க வேண்டும். வழி எப்படித் தொற்றுகிறது என்பதும் முக்கியம். தன் வழியையும் பக்கத்தாரின் வழியையும் ஒப்பிட்டு மாறுகிறவர்கள் என்றால் ஈவு தொடர்பைவிட இரண்டு கூடுதலாக வேண்டும். செழித்தவர் முதலில் எழுந்து பக்கத்தில் யாரையாவது தள்ளிவிட்டு இடம்பிடிக்கும் முறை என்றால் ஒத்துழைப்புக்கு வழியே இல்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்கள் அம்மா தக்கலைப் பக்கம் எங்கள் தெருவில் சீட்டு நடத்தினார். 15 பேர், மாதம் 1,000 ரூபாய், 15 மாதம். முதல் ஞாயிறு சாயங்காலம் எங்கள் திண்ணையில் குலுக்கல். எவர்சில்வர் தூக்குவாளியில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டு, தெருவில் எந்தக் குழந்தை அகப்படுகிறதோ அதை எடுக்கச் சொல்வார்கள். முதல் மாதமே பெயர் விழுந்தவர் 1,000 கட்டி 15,000 வாங்குகிறார். மீதி 14,000 இனிமேல்தான் கட்ட வேண்டும். எழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. ஆட்டக் கோட்பாட்டின்படி அவர் அன்றிரவே பஸ் ஏற வேண்டும். பத்து ஆண்டில் ஒருவரும் ஏறவில்லை.

ஒரு முறை தவிர. தெருவில் ஒரு மைனி (அண்ணி முறை) தன் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவரைச் சேர்த்துவிட்டார். வேறு ஊர். பணம் மைனி கையில் வரும். மூன்றாம் மாதம் அவர் பெயர் விழுந்தது. நான்காம், ஐந்தாம் மாதம் கட்டினார். ஆறாம் மாதம் வரவில்லை. அம்மா பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் என்றார்கள். பிறகு வீடு மாறிவிட்டதாகத் தகவல். பத்துத் தவணை, 10,000 ரூபாய். மைனி பாதி ஏற்றுக்கொண்டார், அம்மா பாதி. அந்த ஆண்டு எனக்கு சைக்கிள் வாங்கித் தருவதாக இருந்தது, அது போயிற்று. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அம்மா அழவில்லை, அடுத்த சீட்டுக்கு ஆள் சேர்க்கும்போது என்னிடம் சொன்னார்: "மக்களே, பையைப் பார்த்து ஆளைச் சேர்க்கக் கூடாது. வாசலைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். நம் திண்ணையிலிருந்து அவர்கள் வாசல் தெரிய வேண்டும்."

இதைக் கோட்பாட்டு மொழியில் பிற்காலத்தில் படித்தபோது சிரித்துக்கொண்டேன். மற்ற 14 பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்: ஒரே கிணறு, ஒரே ரேஷன் கடை, ஒரே கோயில் கொடை, ஒரே குருசடி (சிறு சிலுவைக் கோயில்). ஒருவர் கைவிரித்தால் பதின்மூன்று வாசல்கள் ஒரே நாளில் மூடும். அந்தப் பெண் வலைப்பின்னலில் ஒற்றை நூலில் தொங்கினார், மைனி என்ற நூலில். நூலை அறுத்துக்கொண்டால் வேறெந்த வாசலும் மூடாது. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1988-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார்: எனக்குத் தெரிந்த இருவர் தங்களுக்குள்ளும் தெரிந்தவர்களாக, முக்கோணமாக மூடிய உறவில்தான் நம்பிக்கை வேலை செய்யும்.

அம்மாவின் இன்னொரு பழக்கம் அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு சீட்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்த சீட்டைத் தொடங்கிவிடுவார். கடைசி மாதம் என்று ஒன்று தெரிந்துவிட்டால், கடைசி மாதத்தில் ஏமாற்றலாம். அப்படியானால் அதற்கு முந்தைய மாதத்தில் ஒத்துழைத்து என்ன பயன். அதற்கும் முந்தைய மாதத்தில்? இப்படி நூல் பிரிந்துகொண்டே முதல் மாதம் வரை வந்துவிடும். இதைப் பின்னோக்கி எண்ணுதல் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அதற்கு மாற்று வைத்திருந்தார்: கடைசி மாதமே வராமல் பார்த்துக்கொண்டார்.

அந்த வலையில் அம்மா ஒரு நடுமுடிச்சு. இப்படி ஒரு சிலருக்கு மட்டும் ஏராளமான தொடர்புகள் உள்ள வலைப்பின்னலைப் பற்றி 2005-இல் சாண்டோஸ், பச்சேக்கோ இருவரும் ஒரு கருத்தை வைத்தார்கள். நடுமுடிச்சில் இருப்பவர் ஏமாற்றினால் சுற்றியுள்ளவர்கள் அவரைப் பார்த்து ஏமாற்றத் தொடங்குவார்கள், அவருக்கே வரும்படி வற்றும். அவர் ஒத்துழைத்தால் சுற்றமும் ஒத்துழைக்கும், வரும்படி பெருகும், அவர் வழி நிலைக்கும். அழகான வாதம். ஆனால் ஒவ்வொரு தொடர்பையும் காப்பாற்றுவதற்கு ஒரு செலவு வைத்தாலோ, மொத்த வரவுக்குப் பதில் தொடர்புக்குச் சராசரியைப் பார்த்தாலோ இந்த அழகு பெரிதும் கரைந்துவிடுகிறது. 2012-இல் ஸ்பெயினில் 1,229 பள்ளி மாணவர்களை வலைப்பின்னல்களில் அமர்த்தி ஆடவிட்டார்கள். ஒரு பாதி சமமான கட்டங்கள், மறுபாதி நடுமுடிச்சுகள் உள்ள வலை. இரண்டிலும் ஒத்துழைப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். பிள்ளைகள் பக்கத்தாரின் வரும்படியைப் பார்த்து நடக்கவில்லை. பக்கத்தார் போன சுற்றில் ஒத்துழைத்தார்களா என்று பார்த்து நடந்தார்கள். மாதிரிகள் மனிதரைப் பற்றி வைத்திருந்த அனுமானமே இங்கே ஆட்டம் கண்டது. அதன்பின் 2014-இல் டேவிட் ராண்டும் நோவாக்கும் உடன் சிலரும் நடத்திய சோதனையில், பயன்–செலவு ஈவு தொடர்பு எண்ணிக்கையை மிஞ்சிய வலைகளில் மட்டும் மனிதர்களிடையே ஒத்துழைப்பு நீடித்தது. விதி செத்துவிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட வலுவான பலன் என்று நான் கருதுவது 2011-இல் ராண்ட், ஆர்ப்ஸ்மன், கிறிஸ்டாக்கிஸ் மூவரும் கண்டது. ஆடுகிறவர்கள் தங்கள் தொடர்புகளைத் தாங்களே அடிக்கடி அறுக்கவும் புதிதாகக் கட்டவும் விட்டபோது ஒத்துழைப்பு குறையாமல் நின்றது. தொடர்பை மாற்றவே முடியாத வலையிலும், எப்போதாவதுதான் மாற்ற முடிந்த வலையிலும் அது சுற்றுக்குச் சுற்று தேய்ந்தது. ஏமாற்றுகிறவரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. விலகிப் போகும் உரிமை இருந்தால் போதும். அடுத்த சீட்டில் ஒருவரைச் சேர்க்காமல் விடுவது எவ்வளவு சத்தமில்லாத தண்டனை!

கரமடிக்கு வருகிறேன். அதைக் குளத்து வேலையோடு ஒப்பிட்டதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. கரமடியில் இழுத்தவருக்குத்தான் பங்கு. வலை கரையேறும்போது கயிற்றில் இல்லாதவருக்கு மீன் இல்லை. குளத்து நீரில் அப்படிப் பிரிக்க முடியாது. அதனால் கரமடியில் கேள்வி 'வருவாரா' என்பதல்ல, 'வந்தவர் உண்மையிலேயே இழுக்கிறாரா' என்பது. மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913-இல் வெளியிட்ட கணக்கின்படி, 8 பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தரும் விசை, தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஒரு பகுதி சேர்ந்து இழுக்கத் தெரியாத குறை, மறு பகுதி பிறர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. கடற்கரையில் முதல் குறையைப் பாட்டும் குரலும் சரிசெய்கின்றன. இரண்டாவதை? கயிற்றில் நின்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் தளர்த்தினால் அந்தக் கனம் உங்கள் உள்ளங்கைக்கு வரும். நாற்பது பேரில் யார் ஏய்க்கிறார் என்று கரையில் நிற்கும் முதலாளிக்குத் தெரியாமல் போகலாம். முன்னும் பின்னும் உள்ள இருவருக்குத் தெரியாமல் போகாது. நாற்பது பேர் கூட்டம் என்று தூரத்தில் தெரிவது, உள்ளே ஆளுக்கு இரண்டு தொடர்பு உள்ள சங்கிலி.

வாய்க்காலும் சங்கிலிதான், ஆனால் சாய்ந்த சங்கிலி. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த நாள் முதல் நாஞ்சில் நாட்டில் தீராத வழக்கு தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையேதான். மேலே இருப்பவர் கையில் மடை; கீழே இருப்பவர் கையில் மனு. எலினார் ஆஸ்ட்ரம் (2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர்) நேபாளத்து வாய்க்கால்களை ஆராய்ந்தபோது, வாய்க்காலின் தொடக்கத்தில் காங்கிரீட் தலைவாய் கட்டிக் கொடுத்த இடங்களைவிட, விவசாயிகளே கல்லும் மரமும் போட்டு ஆண்டுதோறும் தடுப்பு கட்டிய இடங்களில் கடைமடைக்கு நீர் நன்றாகப் போனதைக் கண்டார். வெள்ளம் ஆண்டுதோறும் தடுப்பை அடித்துக்கொண்டு போகும். திரும்பக் கட்டக் கடைமடைக்காரரின் கை வேண்டும். அந்தக் கைக்காகத் தலைமடைக்காரர் நீர் விட்டார். தலைவாய் உறுதியானதும் அந்தத் தேவை போயிற்று. குடிமராமத்து (ஊரார் சேர்ந்து குளம் பராமரிக்கும் முறை) இருந்த காலத்தில் நம் குளங்களிலும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

உங்கள் குளத்துக்கு வருவோம். முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த 9 பேராலேயே வேலை முடிந்துவிடுகிறதா? முடிந்தால் உங்கள் ஆட்டம் கைதியின் இக்கட்டே இல்லை. எஸ்டேட் ரோட்டில் ரப்பர் மரம் சாய்ந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பைக் நிற்கிறது. யாராவது ஒருவர் வெட்டி இழுத்துப் போட்டால் இருவரும் போகலாம். மற்றவர் இறங்கட்டும் என்று இருவரும் காத்திருப்பார்கள். ஒருவருமே இறங்காவிட்டால் பொழுதுசாய யாராவது இறங்கத்தான் வேண்டும். இந்த வகை ஆட்டத்தில் அண்டை அயலாகக் கூட்டுவது பல நேரம் ஒத்துழைப்பைக் குறைக்கவே செய்கிறது என்று ஹவர்டும் டோபெலியும் 2004-இல் காட்டினார்கள். அப்படியானால் 9 பேருக்குக் கூலி கொடுத்துவிடுவதுதான் நேர்மை. 231 பேரிடம் ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கினால் 4,620 ரூபாய், ஒரு நாள் கூலிக்குக் கணக்கு சரியாக வரும்.

9 பேரால் முடியவில்லை என்றால் 240 பேரையும் மொத்தமாக அழைப்பதை நிறுத்துங்கள். குளக்கரையைத் தெருவாரியாகப் பிரியுங்கள். ஒரு பகுதிக்கு ஆறேழு வீட்டுக்கு மேல் வேண்டாம், ஒருவர் வாசல் மற்றவருக்குத் தெரியும் வீடுகளாக இருக்கட்டும். எந்தப் பகுதியில் ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கிறது என்று கரையில் நடந்தாலே கண்ணில் படும். குழுவில் பெயர் போட்டுத் திட்ட வேண்டியதில்லை. வேலை ஒரே ஞாயிற்றோடு முடிய வேண்டாம், மாதம் ஒரு முறை வரட்டும்; ஆகாயத்தாமரை அதற்குத் தாராளமாக ஒத்துழைக்கும், வெட்ட வெட்ட வளரும். வேறு பகுதிக்கு மாறிப்போக விரும்புகிறவர்களைத் தடுக்காதீர்கள். இது நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. சோதனைச்சாலை ஆட்டத்துக்கும் பழைய பகை இருக்கும் ஊருக்கும் இடையே தூரம் உண்டு. எந்த இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்று மாலை ஒரு தாளை எடுத்து அந்த 9 பேரின் வீடுகளைப் புள்ளியாக வையுங்கள். யாருடைய வாசல் யாருக்குத் தெரியுமோ அவர்களைக் கோட்டால் இணையுங்கள். மூன்று புள்ளிகள் முக்கோணமாக மூடும் தெரு ஒன்று அகப்பட்டால், முதல் பகுதியை அந்தத் தெருவுக்குக் கொடுங்கள்.